அவள் பக்கத்து பிரேக்

1

“மேடம், உங்க காலுக்குக் கீழேயும் ஒரு பிரேக் வெச்சிருக்கீங்களே, அது இல்லாத வண்டியில நீங்க எப்படி உட்காருவீங்க?”

இந்தக் கதை இந்தக் கேள்வியிலிருந்து பிறந்தது. அதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். கேட்டது நான் இல்லை. எனக்கு அவ்வளவு வாய் கிடையாது. கேட்டவர் ஒரு பல் டாக்டர். நான் பின் சீட்டில் இருந்தேன். டிரைவிங் ஸ்கூல் காரில் இப்படித்தான்: ஒருவர் ஓட்டுவார், மற்றவர்கள் பின்னால் உட்கார்ந்து தங்கள் முறைக்குக் காத்திருப்பார்கள். ஓட்டுகிறவருக்குப் பக்கத்தில் சொல்லித்தருகிற மேடம். மேடத்தின் வலது காலடியில் இன்னொரு பிரேக். ஓட்டுகிறவர் மிதிக்க மறந்தால் மேடம் மிதிப்பார். மறக்காவிட்டாலும் மிதிப்பார். அதனால் அவர் காதுக்கு எட்டாத தூரத்தில் அவருக்குப் பெயர் பிரேக்கக்கா.

பல் டாக்டர் நாள் முழுக்க வாயைப் பிளந்து படுத்திருப்பவர்களிடம் பேசிப் பழகியவர். கேள்வி கேட்பாரே தவிர பதிலுக்குக் காத்திருக்க மாட்டார். அன்றைக்கு மட்டும் காத்திருந்தார். சிவப்பு விளக்கு விழுந்திருந்தது.

“உட்கார மாட்டேன்,” என்றார் மேடம். “பஸ்ல போவேன். அதுவும் நின்னுக்கிட்டு.”

“உங்க பொண்ணு கார் வெச்சிருக்காங்கன்னு சொன்னீங்களே?”

“வெச்சிருக்கா. என் பக்கத்துக் கால்மிதியில குதிகால் அழுந்தி அழுந்தி ஒரு ஓட்டை விழுந்துருச்சு. அதைக் காட்டி என்னை இறக்கி விட்டுட்டா.” மேடம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். “அதுக்காகத்தான் டான்ஸ் கிளாஸுக்குப் போனேன்னு நினைச்சுக்காதீங்க. அது வேற. நான் ஆடப் போனது எதுக்குன்னா—”

பச்சை விழுந்துவிட்டது.

“கிளச்,” என்றார் மேடம்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். வண்டி ஓடும்போது மேடம் ஊர்க்கதை பேச மாட்டார். கிளச், கண்ணாடி, மெதுவா, அவ்வளவுதான். பேச்செல்லாம் வண்டி நிற்கும்போதுதான். அதனால் இந்தக் கதையை நான் சிவப்பு விளக்குகளில் துண்டு துண்டாகக் கேட்டேன். பாதி வாக்கியங்கள் பச்சையில் அறுந்துபோனவை. சிலவற்றை ஒட்டியிருக்கிறேன், சிலவற்றை அறுந்தபடியே விட்டிருக்கிறேன். எது அவர் சொன்னது, எது நான் ஒட்டியது என்று கேட்காதீர்கள். எனக்கே இப்போது குழம்புகிறது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண், வாழ்க்கையில் எதையோ தவறவிட்டதாக உணர்ந்து, ஒரு நாள் சால்சா நடன வகுப்பில்

அடித்துவிட்டேன். அவள் எதையும் தவறவிட்டதாக உணரவில்லை. வேலை இருந்தது, வீடு இருந்தது, மருந்துக்கடையில் வேலை பார்க்கிற ஒரு வாயாடி மகள் இருந்தாள். (கணவர்? இருந்திருக்கிறார். எந்தச் சிவப்பு விளக்கிலும் அவர் பேச்சு வரவில்லை. நானும் அவரைக் கதைக்குள் இழுத்துவரப் போவதில்லை.)

இரண்டாவது தொடக்கம்:

மாடியிலிருந்து மிதந்துவந்த இசை அவளை அழைத்தது.

இதுவும் பொய். இசை எதுவும் மிதந்து வரவில்லை. அவளுக்குக் கேட்டது காலடிச் சத்தம். அது அவளை அழைக்கவும் இல்லை, எரிச்சல்தான் மூட்டியது.

நடந்தது இதுதான். டிரைவிங் ஸ்கூல் ஆபீஸ் ஒரு பழைய கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கிறது. மேலே ஒரு கூடம். சாயங்காலம் வண்டியை நிறுத்திவிட்டுச் சாவியை ஆணியில் மாட்டும்போது தலைக்கு மேல் தொம், தொம், தொம். அப்புறம் ஒன்றுமில்லை. மறுபடி தொம், தொம், தொம். ஒன்றுமில்லை. நாலு சிலிண்டர் இன்ஜினில் ஒன்று அடைத்துக்கொண்டால் இப்படித்தான் கேட்கும். சத்தத்தைக் கேட்டே வண்டிக்கு என்ன கோளாறு என்று சொல்லிவிடும் காது அவளுக்கு. அந்த இடைவெளியை அந்தக் காதால் பொறுக்க முடியவில்லை. எது வேலை செய்யவில்லை என்று பார்க்கத்தான் படி ஏறினாள்.*

கோளாறு பார்க்கப் போனவள் கதவோரம் நின்றுவிட்டாள். உள்ளே ஆணும் பெண்ணுமாக இரண்டு வட்டம், ஒருவரையொருவர் பார்த்தபடி. மூன்று அடி எடுத்துவைக்கிறார்கள். நாலாவதற்கு யாரும் கால் வைப்பதில்லை. அத்தனை பேரும் அந்தரத்தில் நிற்பதுபோல ஒரு நொடி. பிறகு ஐந்து, ஆறு, ஏழு. மறுபடி அந்தரம்.

“நாலையும் எட்டையும் விட்டுட்டாங்களே?” என்று, சொல்லித்தருகிற மாஸ்டரிடம் கேட்டாள்.

“வேணும்னேதான்க்கா விடுறோம். அங்கதான் மூச்சு விடணும்.”

“எனக்கு அப்பவே ஆடணும்போல ஆயிடுச்சு,” என்றார் மேடம், பல வாரம் கழித்து, ஒரு சிவப்பு விளக்கில்.

“ஏன் மேடம்?” என்றார் பல் டாக்டர்.

“ஆசைக்கெல்லாம் ஏன்னு கேட்டா எப்படி? உங்க கிளினிக்ல வர்ற பல்வலிக்குக் கேளுங்க.”

* கவனித்திருப்பீர்கள். காரில் ‘அவர்’ என்று எழுதினேன், படி ஏறும்போது ‘அவள்’ ஆக்கிவிட்டேன். மரியாதைக் குறைவு இல்லை. ‘அவர்’ என்று எழுதிப் பார்த்தேன். இடுப்பு அசையவே மாட்டேன் என்றது. கார் வரைக்கும் அவர், கூடத்தில் அவள். மேடம் இதைப் படித்தால் மன்னிப்பார். படிக்க மாட்டார் என்ற தைரியம்தான்.

3

மாஸ்டர் பகலில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் இருப்பவர். வருகிறவர்களின் கண்ணுக்குச் சட்டம் பொருத்தி “நேரா பாருங்க, நேரா பாருங்க” என்று சொல்லிச் சொல்லி, மாலையிலும் அதே வாக்கியத்தைத்தான் வைத்துக்கொண்டு ஆட்டம் சொல்லித்தருகிறார்.

விதி எளிமையானது. ஒருவர் கூட்டிப்போவார், எதிரில் நிற்பவர் கூடப் போவார். ‘ஒண்ணு’ என்றதும் கூட்டிப்போகிறவரின் இடது கால் முன்னால் வரும். கூடப் போகிறவளின் வலது கால் பின்னால் போக வேண்டும். கொஞ்ச நேரம் ஆடியதும் மாஸ்டர் கைதட்டி “மாத்து!” என்பார், ஒவ்வொருவரும் வட்டத்தில் அடுத்த ஆளிடம் நகர வேண்டும். யாரும் ஜோடியோடு வர வேண்டியதில்லை, யாரும் யாரையும் பிடித்துவைத்துக்கொள்ளவும் முடியாது.

வலது கால். பிரச்சினை அங்கேதான் இருந்தது.

எதிரில் ஓர் உருவம் நெருங்கினால் அவளுடைய வலது கால் முன்னால் போய் அழுத்தும். அவளைக் கேட்டுக்கொண்டு அல்ல. சாப்பாடு சாப்பிடத் தெரிந்த கைபோல அது தானாகவே போகும். எத்தனையோ பேரை மரத்திலிருந்தும் மதிலிலிருந்தும் எதிரே வந்த லாரியிலிருந்தும் காப்பாற்றிய கால். அதற்குச் சால்சா தெரியாது.

“ஒண்ணு,” என்றார் மாஸ்டர்.

“அடடா,” என்றார் கேஷியர்.

கேஷியரை அறிமுகப்படுத்திவிடுகிறேன். ஒரு வங்கியில் பணம் எண்ணித் தருகிறவர். குள்ளமானவர், சுத்தமாகச் சவரம் செய்த முகம். கெட்ட வார்த்தை வராது. எவ்வளவு வலித்தாலும் ‘அடடா’தான்.

“சாரி சார். நீங்க திடீர்னு வந்துட்டீங்க.”

“திடீர்னு இல்ல மேடம். அவர் ஒண்ணுன்னார், வந்தேன்.”

“வர்றதுக்கு முன்னாடி ஒரு சிக்னல் குடுத்திருக்கலாமே.”

“ஆட்டத்துல எங்க மேடம் இண்டிகேட்டர் வெக்கிறது?”

“அக்கா,” என்றார் மாஸ்டர், “உங்க கால் நேரத்துக்கு டாண்ணு வருது. திசைதான் தப்பு. மறுபடி. நேரா பாருங்க. ஒண்ணு!”

“அடடா.”

4

மகளைப் பற்றி ஒரு சந்தேகம் எனக்கு.

முதல் தடவை எழுதும்போது அவளை வில்லியாக்கிவிட்டேன். “இந்த வயசுல இதெல்லாம் தேவையா, நாலு பேர் என்ன சொல்வாங்க” என்று ஒரு பத்தி பேச வைத்தேன். படித்துப் பார்த்தால் தெருவில் போகிற யாரோ பேசுவதுபோல இருந்தது. மேடம் சொன்ன மகள் அப்படிப்பட்டவள் இல்லை. அவளுக்கு அம்மா ஆடுவதில் ஆட்சேபமே கிடையாது. அவளுக்கு நம்பிக்கைதான் கிடையாது. இந்த இரண்டுக்கும் உள்ள தூரத்தை எழுதத் தெரிந்தால் நான் எழுத்தாளர்.

“எப்படிம்மா போச்சு?”

“ஒருத்தர் காலை மிதிச்சுட்டேன்.”

“ஒருத்தர்தானா?”

“மூணு பேரு. ஒருத்தரை மட்டும் கொஞ்சம் நிறைய.”

அடுத்த வகுப்பன்று மகள் கடையிலிருந்து ஒரு வலி மருந்துக் குழாய் கொண்டுவந்தாள். அம்மா உருகிப்போய்க் காலை நீட்டினாள்.

“உனக்கு இல்லம்மா. அந்த மனுஷனுக்கு.”

அதிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. வகுப்பு தொடங்கும் முன் கேஷியருக்கு மேடம் கையால் மருந்து. அவரும் வணக்கம் சொல்வதுபோல வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். (மருந்து அனுப்புகிற வில்லியை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? அதனால்தான் அந்தப் பத்தியைக் கிழித்தேன்.)

ஆனால் வாய் இருக்கிறதே.

“பாதியில விட்டுட்டு வந்துருவ, பாரேன். தையல் கிளாஸ் என்னாச்சு? நீச்சல் என்னாச்சு? தண்ணிக்குள்ள பிரேக் இல்லைன்னு கரையேறி வந்துட்ட. நிறுத்துறதுதாம்மா உனக்குத் தொழில். அதுல உன்னை அடிச்சுக்க ஆளே இல்ல.”

“இதை நிறுத்த மாட்டேன்.”

“சரி, கடைசி நாள் ஆட்டத்துக்கு நான் வரேன். ஒரு பாட்டு. ஒரே ஒரு பாட்டு, முதல்லேர்ந்து முடிவு வரைக்கும் நீ ஆடிட்டா, அப்புறம் நான் உன்னைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. நீ பாதியில வர்றதைப் படம் பிடிச்சு எல்லாருக்கும் அனுப்பத்தான் வரேன்.”

கடைசி நாள் என்றால் தொடக்க நிலை வகுப்பின் கடைசி நாள். வீட்டு மனிதர்கள் வந்து சுவரோரம் உட்காருவார்கள். கற்றுக்கொண்டவர்கள் வட்டத்தில் நின்று ஒரு முழுப் பாட்டுக்கு ஆட வேண்டும். அதை ஆடி முடித்தவர்களுக்கு அடுத்த நிலை. முடிக்காதவர்களுக்கு... மாஸ்டர் நல்லவர், அதைப் பற்றிப் பேசுவதில்லை.

5

இந்தப் பகுதியை எழுதவே எனக்குப் பிடிக்கவில்லை. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

மாஸ்டர் “மாத்து!” என்றதும் அவளிடம் வர வேண்டியவர்களுக்குத் திடீரென்று தாகம் எடுக்க ஆரம்பித்தது. ஒருவர் ஷூ கயிற்றைக் கட்டக் குனிவார். ஒருவருக்குப் போன் வரும். வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும், அவளுக்கு எதிரில் மட்டும் ஆள் இல்லாத ஓர் இடமும் அவளோடு சேர்ந்து நகரும். அந்த வெற்றிடத்தின் தோளில் கை வைப்பதுபோலக் காற்றில் கை வைத்து, தனியாக ஆடினாள். எதிரில் யாரும் இல்லாதபோது அவளுடைய கால் அழகாகப் பின்னால் போனது என்பதுதான் கொடுமை.

கடைசி நாளுக்கு முந்திய வகுப்பில் மாஸ்டர் அவளை ஓரமாகக் கூப்பிட்டார்.

“அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. அன்னைக்குப் பாட்டு போடுறதுக்கு ஒரு நம்பிக்கையான ஆள் வேணும். மெஷின் பக்கத்துல நீங்க நிக்கிறீங்களா? நான் தலையாட்டினதும் பொத்தானை அமுக்கணும். முடிஞ்சதும் நிறுத்தணும்.”

“சரி,” என்றாள்.

இதை மேடம் எங்களிடம் சொன்னபோது பல் டாக்டர் ஸ்டீயரிங்கை விட்டுவிட்டுத் திரும்பினார். “சரின்னு சொல்லிட்டீங்களா?”

“சொல்லிட்டேன்.”

“என்ன மேடம் நீங்க! எங்களை மட்டும் அந்தக் கத்து கத்துறீங்க!”

“அவர் கேட்ட விதம் அப்படி. மறுக்கவே தோணல. கீழே இறங்கி வந்து சாவியை ஆணியில மாட்டும்போதுதான் எனக்கு அழுகை—”

பச்சை.

அன்று அவர் ‘கிளச்’ என்று சொல்லவில்லை. பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள்.

6

இங்கே ஒரு திருப்பம் வர வேண்டும். எனக்குத் தோன்றிய திருப்பங்கள்:

(அ) மேடம் ஒரு விபத்தைத் தடுக்கிறார். அதைப் பார்த்து மாஸ்டர் மனம் மாறுகிறார்.

(ஆ) மகள் மாஸ்டரைப் போய்ப் பார்த்து அம்மாவுக்காக

போதும். உண்மையில் வந்த திருப்பம் ரொம்பச் சின்னது. அது ரிவர்ஸில் வந்தது.

கடைசி நாளுக்கு முன்பு ஒரு நாள் பல் டாக்டருக்கு ரிவர்ஸ் பாடம். இரண்டு கம்பத்துக்கு நடுவே வண்டியைப் பின்னால் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். “ரிவர்ஸ்” என்று சொன்ன அந்தக் கணத்தில் மேடம் சட்டென்று குனிந்து தன் காலைப் பார்த்தார். அது பிரேக்கிலிருந்து எழும்பி, பின்னால் வந்து, குதிகாலில் நின்றது. ‘ரிவர்ஸ்’ என்ற சொல்லுக்கு அந்தக் கால் எப்போதும் அப்படித்தான் செய்துகொண்டிருந்திருக்கிறது. பார்க்கத்தான் யாரும் இல்லை.

அன்று மாலை வகுப்பு இல்லை. வங்கி வாசலில் போய் நின்றாள். கேஷியர் வெளியே வந்தார். அவளைப் பார்த்ததும் அவரையறியாமல் ஒரு கால் பின்வாங்கியது.

“பயப்படாதீங்க சார். ஒரு உதவி. என்னைப் பார்த்து நடந்து வரணும். வரும்போது ‘ஒண்ணு’ன்னு சொல்லாதீங்க. ‘ரிவர்ஸ்’னு சொல்லுங்க.”

டிரைவிங் ஸ்கூல் வண்டிகள் நிற்கிற மைதானத்தில், கம்பங்களுக்கு நடுவே, கேஷியர் தன் பையைக் கீழே வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்தார். பிராணனைக் கையில் பிடித்துக்கொண்டு இடது காலை முன்னால் வைத்தார்.

“ரிவர்ஸ்.”

‘அடடா’ வரவில்லை. அவளுடைய வலது கால் பின்னால் போயிருந்தது.

“மேடம்!” என்றார் கேஷியர். “போயிருச்சு!”

“போயிருச்சா?”

“போயிருச்சு மேடம்! ஆனா நீங்க எங்க பார்க்கிறீங்க?”

இப்போது புதிய சிக்கல். ரிவர்ஸ் எடுக்கிறவர் திரும்பிப் பின்னால் பார்க்க வேண்டும். அவளும் பார்த்துக்கொண்டிருந்தாள். கால் சரியாக ஆட, தலை முழுக்கப் பின்னால் திரும்பியிருக்க, கேஷியர் தன் ஜோடியின் கொண்டையோடு ஆடிக்கொண்டிருந்தார்.

“என்னைப் பாருங்க மேடம்.”

“பின்னாடி யாராவது இருந்தா?”

“இருப்பாங்க.”

“இடிச்சுட்டா?”

“இடிப்பாங்க,” என்றார் கேஷியர். நாள் முழுக்கக் கள்ள நோட்டையும் நல்ல நோட்டையும் விரலால் பிரிக்கிறவரின் குரல். “இடிச்சா என்ன மேடம்? நாம என்ன அறுபதுலயா போறோம்?”

இருட்டும்வரை பழகினார்கள். கால் பழகிவிட்டது. தலை திரும்பிக்கொண்டேதான் இருந்தது.

7

முடிவுகள்.

பல் டாக்டர் கேட்ட முடிவு: மேடம் ஆடி முதல் பரிசு வாங்குகிறார். (அங்கே பரிசே கிடையாது டாக்டர்.)

நான் முதலில் எழுதிய முடிவு: ஆட்டத்தின் நடுவே பாட்டு சட்டென்று ஒரு கணம் நின்றுவிடுகிறது. சால்சாப் பாட்டுகளில் அப்படி வருமாம். மொத்தக் கூட்டமும் தடுமாறி ஒருவர்மேல் ஒருவர் விழ, அவள் ஒருத்தி மட்டும், வாழ்நாள் முழுக்கப் பிரேக் பிடித்த அந்தக் காலால், சிலைபோல

இது எழுதும்போது எனக்கே கைதட்டத் தோன்றியது. அதனால்தான் சந்தேகப்பட்டேன். குறையே வரமாகிவிடுகிற கதை. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அவள் நிறுத்துவதற்காக அங்கே போகவில்லையே. நிறுத்தத் தெரிந்ததற்காக அவளுக்குக் கைதட்டினால், மகள் சொன்னது சரி என்று ஆகிவிடும்.

ஆகவே நடந்ததை எழுதுகிறேன்.

கூடத்தில் சுவரோரம் நாற்காலிகள். கதவுக்குப் பக்கத்தில் மகள், கையில் போன், கடைச் சீருடையோடு நேராக வந்திருந்தாள். வட்டம் கூடியது. பெண்கள் பக்கத்தில் ஒரு ஆள் குறைவு. அவளைப் பாட்டு போட நிறுத்தியதால் வந்த குறை. அதனால் ஆண்கள் பக்கத்தில் ஒருவர் ஜோடியில்லாமல் நின்றார். யார் என்று சொல்ல வேண்டியதில்லை. புது ஷூ போட்டிருந்தார்.

மாஸ்டர் தலையாட்டினார். அவள் பொத்தானை அமுக்கினாள். முதலில் ஒரு மணிச்சத்தம், பிறகு கொட்டு, பிறகு ஊதுகுழல்கள். மெஷின் ஓட ஆரம்பித்துவிட்டது. அவள் அதைப் பார்த்தாள். அதற்கு அவள் தேவைப்படவில்லை.

அவள் வட்டத்துக்குள் நடந்தாள்.

“அக்கா,” என்றார் மாஸ்டர் தாழ்ந்த குரலில், “மெஷின்...”

“அமுக்கிட்டேன் தம்பி. அது பாட்டுக்கு ஓடும். அமுக்க ஒரு நொடி போதும், மீதி நேரம் அங்க நின்னு நான் என்ன பண்றது?”

இந்த வாக்கியத்தை நான் ஒட்டவில்லை. எழுத்துக்கு எழுத்து மேடம் சொன்னது. சொல்லும்போது காருக்குள் தலை நிமிர்ந்து, கழுத்து நீண்டு, இருக்கையில் உட்கார்ந்தபடியே ஓர் அங்குலம் வளர்ந்தார்.

மாஸ்டர் அவளைப் பார்த்தார். கேஷியரின் புது ஷூவைப் பார்த்தார். கண்ணாடிக் கடையில் சட்டம் சரியாக உட்கார்ந்துவிட்டால் ஒரு சிரிப்பு சிரிப்பாராம், அதைச் சிரித்துவிட்டு விலகிக்கொண்டார்.

கேஷியர் கையை நீட்டினார். “மருந்து கொண்டுவரலையா மேடம்?”

“இன்னைக்கு இல்ல.”

“ரிவர்ஸ்,” என்றார் கேஷியர், அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

கால் போனது. ரெண்டு, மூணு. அந்தரம். அஞ்சு, ஆறு, ஏழு. அந்தரம். கழுத்து பின்னால் திரும்பப் பார்த்தது. அவள் விடவில்லை. கேஷியரின் நெற்றியில் வேர்வைத் துளி ஒன்று இருந்தது, அதையே பார்த்தாள். அவர் கையைத் தூக்கினார், அவள் சுழன்றாள், திரும்ப வந்தபோது அவர் அங்கேயே இருந்தார். கை கிடைத்தது. மறுபடி பின்னால் ஓர் அடி, பார்க்காமல். மறுபடி. பார்க்காமல்.

இடித்தது.

முதுகில், நன்றாக, தடாலென்று. அகலமான ஒரு முதுகு. அவளுடைய உடம்பு முழுக்கக் காதாகிக் காத்திருந்தது: தகரம் நசுங்க வேண்டும், கண்ணாடி உதிர வேண்டும், யாராவது இறங்கி வந்து கத்த வேண்டும். இத்தனை வருஷமாக அவள் காலை அழுத்திக்கொண்டே இருந்தது இந்த ஒரு சத்தம் கேட்காமல் இருக்கத்தான்.

“சாரிக்கா,” என்றது அந்த முதுகு. அது பாட்டுக்குத் தன் ஜோடியோடு போய்விட்டது.

“இடிச்சுருச்சு,” என்றாள் கேஷியரிடம், ஏதோ அதிசயத்தைச் சொல்வதுபோல.

“இடிக்கும் மேடம். அஞ்சு.”

ஆறு, ஏழு! அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். வாயை மூடத் தெரியாத சிரிப்பு. ஆட்டத்தின் மீதி முழுவதும் அந்தச் சிரிப்போடுதான். இன்னொரு தடவை இடித்தார்கள். ஒரு தடவை இவளே போய் இடித்தாள், அது வேண்டுமென்றேதான் என்று எனக்குச் சந்தேகம். கேஷியர் அவளை இரண்டு முறை தொடர்ந்து சுழற்றினார். வகுப்பில் சொல்லித்தராத வேலை அது, அவருக்கே தெரியாமல் வந்துவிட்டது. ஊதுகுழல்கள் ஏறின. ஏறி, ஒரே வெட்டில் நின்றன.

பாட்டு முடிந்தபோது அவள் வட்டத்தின் நடுவில் இருந்தாள். ஒரு கை மேலே. வலது கால் பின்னால்.

8

இதை மேடம் சொல்லி முடித்த நாளில் நான்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். பல் டாக்டர் லைசென்ஸ் வாங்கிப் போய்விட்டார். பின் சீட்டில் யாரும் இல்லை. பெரிய சந்திப்பின் நீளமான சிவப்பு விளக்கு.

“எல்லாரும் கைதட்டினாங்க,” என்றார் மேடம். “மாஸ்டர் அடுத்த நிலைக்கு என்னைக்கு வரணும்னு சொன்னார், எனக்குக் காதுல விழவே இல்ல. நான் கதவுப் பக்கம் பார்த்தேன். என் பொண்ணு கையில போன் இருந்துச்சு, ஆனா அதைத் தூக்கவே இல்ல. இப்படித் தொங்கிக்கிட்டு இருந்துச்சு. அவ என்னைப் பார்த்தா. பார்த்துட்டு அவ—”

பச்சை.

நான் கிளச்சை விட்டேன். வேறென்ன செய்ய?

இப்போது உங்கள் முறை. மகள் ஓடிவந்து கட்டிக்கொண்டாள் என்று எழுதலாம். அவளுக்கு அது பொருந்துமா என்று பாருங்கள். “சரி, ஒரு பாட்டுதானே” என்றாள் என்றும் எழுதலாம். அது அவள் வாய்தான். பந்தயத்தில் சொன்னபடி ஒரு வார்த்தையும் பேசாமல் நின்றாள் என்றால் அழகாக இருக்கும், ஆனால் அப்படி வாயை மூடிக்கொண்டு நின்றவள் அழுதாளா, கோபித்தாளா, பிறகு நேராகப் போய் அடுத்த வகுப்புக்கு யார் யாரைச் சேர்ப்பார்கள் என்று மாஸ்டரிடம் விசாரித்தாளா? நான் மூன்றையும் எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் அம்மா வட்டத்தின் நடுவில் கையைத் தூக்கியபடியே நின்றாள். அவளை என்னால் அசைக்க முடியவில்லை. மகள் என்ன செய்தாலும் அம்மா ஆடி முடித்துவிட்டாள். அதை மாற்ற எந்த முடிவாலும் ஆகவில்லை. ஆகவே உங்களுக்குப் பிடித்ததை வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனாலும் எனக்குத் தெரிந்துகொள்ளத் தோன்றியது. வண்டியை டிரைவிங் ஸ்கூல் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினேன். அத்தனை நாளில் முதல் தடவையாக நானாக வாயைத் திறந்தேன்.

“மேடம், உங்க பொண்ணு அப்புறம் என்ன பண்ணாங்க?”

மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார். சொல்லப்போவதுபோல உதடு பிரிந்தது. பிறகு சிரித்தார். அதே வாய் மூடத் தெரியாத சிரிப்பு. கதவைத் திறந்து இறங்கினார். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி நான் மட்டும் உள்ளே. என் பக்கத்து இருக்கை காலி. அதன் அடியில் அந்த இன்னொரு பிரேக்கும் சும்மா கிடந்தது. இன்ஜினை அணைக்கச் சொல்வார் என்று காத்திருந்தேன்.

எதுவும் சொல்லாமல் மாடிப்படி ஏறிப் போய்விட்டார்.